உக்கிராணக்காரருக்கு எந்தப் பாட்டில்?

வருகிற மாதக் கடைசியில் சித்தப்பா பணி ஓய்வு பெறுகிறார். பாரிஸ் புறநகரில் ஒரு மருத்துவமனைச் சமையற்கூடத்துக்கு 31 வருடம் ஸ்டோர்கீப்பராக, பழைய பேச்சில் உக்கிராணக்காரராக, இருந்தவர். அரிசி மூட்டை, எண்ணெய் டின், நோயாளிகளுக்கான உப்பில்லாத ரொட்டி என்று எதுவானாலும் அவர் கையெழுத்துக்குப் பிறகுதான் உள்ளே போகும். புதுச்சேரியில் பிறந்தவர், ஞாயிறு பூசை தவறாதவர். வருடத்துக்கு இரண்டு மூன்று தடவைக்கு மேல் மதுவைத் தொட மாட்டார். நாலு வருடம் முன்பு ஒரு கல்யாண வீட்டில், "அந்தச் சாமியார் பேர்ல ஒரு ஷாம்பெயின் வருதாமே, ஒரே ஒரு தடவை அதைக் குடிச்சுப் பாக்கணும்டா" என்றார். கேட்டுப் பழக்கமில்லாத மனிதர் கேட்டதாயிற்றே, மனதில் அப்படியே நின்றுவிட்டது.

அண்ணன், தங்கை, சித்தப்பா பிள்ளைகள் என்று ஐந்து பேர் சேர்ந்து 300 யூரோ போட்டிருக்கிறோம். விருந்துக்கு 22 பேர். வாங்கும் பொறுப்பு என் தலையில். 750 மில்லி பாட்டில் ஒன்றில் ஆறேழு கிளாஸ்தான் வரும். அந்தச் "சாமியார்" பாட்டில், அதாவது டோம் பெரின்யோன் (டோம் என்பது துறவிக்குரிய மரியாதைப் பட்டம்), இங்கே 200 யூரோவுக்கு மேல். இரண்டு பாட்டில் வாங்கினாலே பணம் பற்றாது, பாதிப்பேருக்குக் கிளாஸும் கிடைக்காது.

அதனால் துறவியர் மடத்தோடு உறவு சொல்லிக்கொள்ளும் நாலு ஒயின்களை எடுத்துக்கொண்டு, எது இந்த மனிதருக்குப் பொருந்தும் என்று சில வாரம் படித்தேன், விசாரித்தேன். முடிந்த மட்டும் குடித்தும் பார்த்தேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு நாள் வரலாம் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் அந்தச் சாமியார் யார் என்பதைச் சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டும். பலரும் நம்புவதுபோல் அவர் ஷாம்பெயினைக் கண்டுபிடித்தவர் அல்ல. பியேர் பெரின்யோன் 1638-இல் ஷாம்பெயின் பிரதேசத்தின் கிழக்கோரத்தில் உள்ள சேன்-மெனூ என்ற ஊரில் பிறந்தவர். வெர்டன் நகரில் ஆசீர்வாதப்பர் (பெனடிக்ட்) துறவற சபையில் சேர்ந்து, 1668-இல் எபெர்னே நகருக்கு மேலே குன்றுச் சரிவில் இருந்த ஓவிலே மடத்துக்கு வந்தார். அப்போதே அது ஆயிரம் வருடப் பழமையான மடம். ஏழாம் நூற்றாண்டில் ரான்ஸ் ஆயர் புனித நிவார் நிறுவியது. ஒன்பதாம் நூற்றாண்டில் அங்கே எழுதிய நற்செய்தி ஏடு ஒன்று இன்றைக்கும் எபெர்னே நகர நூலகத்தின் சொத்து. போர்களில் நொடித்துப்போயிருந்த அந்த மடத்தில் பெரின்யோனுக்குக் கிடைத்த வேலை உக்கிராணம். நிலம், திராட்சைத் தோட்டம், நிலவறை, தானியம், வரவு செலவு எல்லாம் அவர் பொறுப்பு. சாகும்வரை 47 வருடம் அதையே பார்த்தார்.

ஓவிலே ஊர்க் கோயிலில், பீடத்துக்கு முன்னால் தரையில் பதித்த கறுப்புக் கல் பலகை அவர் கல்லறை. இரண்டு வருடம் முன்பு போயிருந்தபோது அதன் பக்கத்தில் குனிந்து நின்று வாசித்தேன். லத்தீன் தெரிந்த நண்பர் ஒருவர் சொல் சொல்லாகப் பொருள் சொன்னார். இந்த மடத்துக்கு 47 ஆண்டுகள் உக்கிராணக்காரராக இருந்தவர், மடத்தின் உடைமைகளை மிகுந்த புகழோடு நிர்வகித்தவர், நற்குணங்கள் நிறைந்தவர், எல்லாவற்றுக்கும் மேலாக ஏழைகள் மேல் தந்தைக்குரிய அன்பு கொண்டவர், 77-ஆம் வயதில் 1715-இல் இறந்தார். அவ்வளவுதான். குமிழியைப் பற்றி அதில் ஒரு எழுத்துக்கூட இல்லை.

குமிழி அவருக்குத் தொல்லையாகத்தான் இருந்தது. ஷாம்பெயின் குளிர்ப் பிரதேசம். குளிர்காலம் வந்ததும் ஈஸ்ட் பாதி வேலையில் உறங்கிவிடும். வசந்தத்தில் வெயில் ஏறியதும் மறுபடி விழித்து, மீந்த சர்க்கரையைத் தின்னத் தொடங்கும். ஒயின் அதற்குள் பாட்டிலில் அடைபட்டிருந்தால் வாயு வெளியேற வழியில்லை. அந்தக் காலத்துப் பிரெஞ்சுக் கண்ணாடி இந்த அழுத்தத்தைத் தாங்காது. ஒரு பாட்டில் வெடித்தால் அதன் அதிர்ச்சியில் பக்கத்துப் பாட்டில்களும் வெடிக்கும். வேண்டுமென்றே சர்க்கரை சேர்த்து ஒயினை நுரைக்க வைக்கும் வழக்கத்தை, 1662-இல், பெரின்யோன் ஓவிலேக்கு வருவதற்கு ஆறு வருடம் முன்பே, ஆங்கிலேய அறிஞர் கிறிஸ்டோபர் மெரெட் லண்டன் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் கழகத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறார். நிலக்கரி உலையில் வார்த்த ஆங்கிலேயக் கண்ணாடி உறுதியானது என்பதால் அங்கே அது சாத்தியமாயிற்று.

அப்படியானால் கண்டுபிடித்தவர் என்ற பெயர் எங்கிருந்து வந்தது? பிரெஞ்சுப் புரட்சியில் மடம் கலைக்கப்பட்ட பிறகு, அங்கே கடைசியாக நிர்வாகம் பார்த்த டோம் குரூசார் என்பவர் 1821-இல் ஒரு கடிதம் எழுதினார். மடத்தின் பெருமையை உயர்த்திச் சொன்ன அந்தக் கடிதத்திலிருந்துதான் கண்டுபிடித்த கதையும், பெரின்யோன் பார்வையற்றவர் என்ற கதையும் பரவின. "சகோதரர்களே, சீக்கிரம் வாருங்கள், நட்சத்திரங்களைக் குடித்துக்கொண்டிருக்கிறேன்" என்று அவர் கூவியதாகச் சொல்லும் வசனம் இன்னும் பிந்தியது, பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கடைசி விளம்பரத்தில் வந்தது.

இதையெல்லாம் படித்தபோது எனக்கு ஏமாற்றம் வரவில்லை. அவர் உண்மையில் செய்த வேலை கட்டுக்கதையைவிடப் பெரியது. கறுப்புத் தோல் உள்ள பினோ நுவார் திராட்சையிலிருந்து தெளிந்த வெள்ளை ஒயின் எடுப்பது அதில் ஒன்று. அதற்கு வெயில் ஏறுமுன் பறிக்க வேண்டும், நசுங்கிய பழத்தைத் தள்ள வேண்டும், தோலின் சாயம் இறங்குமுன் மென்மையாக, ஆனால் விரைவாகப் பிழிய வேண்டும். வெவ்வேறு சரிவுகளின் பழங்களைப் பிழிவதற்கு முன்பே கலந்து ஒன்றின் குறையை இன்னொன்றால் நிரப்புவது மற்றொன்று. அவருக்குப் பின் வந்த சகோதரர் பியேர் எழுதிவைத்த குறிப்பில் ஒரு காட்சி உண்டு. பெரின்யோன் பழத்தைத் தோட்டத்தில் நின்று சுவைக்க மாட்டாராம். கொண்டுவரச் சொல்லி, இரவு முழுக்க ஜன்னல் விளிம்பில் காற்றாட வைத்து, காலையில் வெறும் வயிற்றில் சுவைத்துப் பார்த்து, அந்த வருட மழை வெயிலையும் கணக்கில் எடுத்துக்கொண்டு, எந்தத் தோட்டத்தை எதனோடு சேர்ப்பது என்று முடிவு செய்வாராம்.

அந்தச் சபையை நிறுவிய ஆசீர்வாதப்பர் துறவிகளுக்கு எழுதிய ஒழுங்கில் 31-ஆம் அதிகாரம் உக்கிராணக்காரரைப் பற்றியது. மடத்தின் எல்லாப் பாத்திரங்களையும் உடைமைகளையும் அவர் பலிபீடத்தின் திருப்பாத்திரங்களைப் போலக் கருத வேண்டும் என்று அதில் இருக்கிறது. குடிப்பதற்கு அளவு சொல்வது 40-ஆம் அதிகாரம். துறவிக்கு ஒயின் ஏற்றதல்ல, ஆனால் இந்தக் காலத்துத் துறவிகளை அதற்கு ஒப்பவைக்க முடியாது, ஆகையால் நாளுக்கு ஒரு ஹெமினா, ஏறத்தாழ கால் லிட்டர், போதும் என்கிறது. சித்தப்பாவுக்கு ஒயின் தேடும்போது என் கண் 31-இல்தான் நின்றது. பாத்திரத்தைத் திருப்பாத்திரமாக நினைக்கும் கவனம், கலப்பில் நிதானம், காத்திருப்பு. இவற்றில் எது எந்தப் பாட்டிலில் இன்னும் இருக்கிறது என்பதே என் கேள்வி.

இனி நாலு ஒயினையும் பார்க்கலாம்.

டோம் பெரின்யோன் என்ற பெயரில் விற்பது மடத்துத் தயாரிப்பு அல்ல. பழைய மடத்தையும் அதன் தோட்டங்களையும் வைத்திருக்கும் மொயெ எ ஷாந்தோன் நிறுவனம் 1921 விளைச்சலிலிருந்து எடுத்து 1936-இல் முதன்முதலாகச் சந்தைக்கு விட்டது. அதாவது துறவி இறந்து 221 வருடம் கழித்து. பெயர் மட்டும்தான் மடத்தினுடையது என்று ஒதுக்கிவிட நானும் முதலில் நினைத்தேன். செய்முறையைப் படித்ததும் அந்த எண்ணம் மாறியது.

இந்த ஒயின் ஒரே ஆண்டின் அறுவடையிலிருந்து மட்டும் வரும். பழைய வருடங்களின் ஒயினைச் சேர்த்துக் குறையை மறைக்கும் வசதி இதற்குக் கிடையாது. விளைச்சல் சரியில்லை என்று பட்டால் அந்த வருடம் இந்தப் பெயரில் பாட்டில் இல்லை. 2001-இலும் 2007-இலும் அப்படி விட்டுவிட்டார்கள். பினோ நுவார், ஷார்தொனே இரண்டு திராட்சைகள் மட்டும், ஏறக்குறைய சரிபாதி. பழம் வருவது ஆயி, புசி, வெர்சனே, க்ராமான், அவீஸ் போன்ற முதல்தர ஊர்களிலிருந்தும், இவற்றோடு தரவரிசையில் ஒரு படி கீழே உள்ள ஓவிலேயிலிருந்தும். பாட்டிலுக்குள், வேலை முடித்து அடியில் படிந்த ஈஸ்ட் மண்டியின் மேல் சுமார் எட்டு வருடம் கிடக்கும். சட்டப்படி ஆண்டு போட்ட ஷாம்பெயினுக்கு மூன்று வருடம் போதும். இன்னும் நீளமாக, 15 வருடம் அளவில் கிடந்தவை "இரண்டாம் நிறைவு" என்று தனியாக வருகின்றன, விலையும் கிட்டத்தட்ட இரட்டிப்பு. 1990 முதல் 2018 வரை நிலவறைத் தலைவராக இருந்தவர் ரிஷார் ஜெஃப்ருவா, அவருக்குப் பின் வேன்சான் ஷாப்ரோன். ஊர் ஊராகப் பழம் சேர்த்துக் கலக்கும் பெரின்யோனின் வேலை இங்கே அப்படியே தொடர்கிறது.

நான் இதை ஒரே ஒரு கிளாஸ் குடித்திருக்கிறேன். குமிழி மிகச் சின்னது, நாக்கில் குத்தாமல் கரைந்துபோயிற்று. தீக்குச்சி கொளுத்திய அடுத்த நொடியில் வருமே, அந்த மெல்லிய புகை வாசனை முதலில். கொஞ்ச நேரம் வைத்திருந்து மறுபடி முகர்ந்தபோது வறுத்த முந்திரி. விழுங்கிய பிறகும் வெகுநேரம் வாயில் இருந்தது. குறை என்றால், கூட்டத்தில் நின்றுகொண்டு பேச்சுச் சத்தத்தில் குடித்தேன். இந்த ஒயினுக்கு அது நான் செய்த அநியாயம்.

அடுத்தது டோம் ருயினார். இதன் பின்னாலும் ஆசீர்வாதப்பர் சபைத் துறவிதான். ஆனால் தியெரி ருயினார் ஒயின் செய்தவர் அல்ல, கல்விமான். பாரிஸில் சேன்-ஜெர்மேன்-தெ-ப்ரே மடத்தில் வரலாற்றறிஞர் மாபியோனின் சீடராக இருந்து, ஆதித் திருச்சபை வேதசாட்சிகளின் வரலாற்று ஏடுகளைத் திரட்டிப் பதிப்பித்தவர். 1709-இல் ஓவிலேக்கு வந்த இடத்தில் இறந்து அங்கேயே அடக்கமானார். அவருடைய சகோதரர் மகன் நிக்கோலா துணி வியாபாரி. ஒயினைப் பாட்டிலில் அடைத்து வெளியூர் அனுப்ப 1728-இல் பதினைந்தாம் லூயி அனுமதி கொடுத்ததும், அடுத்த வருடம் செப்டம்பர் 1-ஆம் தேதி ஷாம்பெயின் நிறுவனங்களிலேயே முதலாவதைத் தொடங்கினார். ரான்ஸ் நகருக்கு அடியில், கட்டடக் கல்லுக்காக முன்னோர் வெட்டிய சுண்ணாம்புக் குகைகளில், ஏறத்தாழ 38 மீட்டர் ஆழத்தில் பாட்டில்கள் உறங்குகின்றன. 2015-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த இடங்களில் அதுவும் ஒன்று.

இந்த ஒயின் முழுக்க ஷார்தொனே. எலுமிச்சைத் தோல், வெள்ளைப் பூ, பிறகு உப்பு ஓடிய ஒரு சுத்தம். 2010 விளைச்சலிலிருந்து, மண்டியில் கிடக்கும் காலத்துக்கு உலோக மூடியை விட்டுப் பழையபடி கார்க்குக்கே திரும்பியிருக்கிறார்கள். ஒவ்வொரு பாட்டிலையும் கையால் திறக்க வேண்டிவரும் அந்தச் சிரமத்தை விரும்பி ஏற்றதை நான் மதிக்கிறேன். விலை பெரின்யோனை ஒட்டித்தான். 1963 முதல் இதுவும் மொயெ குடும்பத்தோடு சேர்ந்துவிட்டதால், இரண்டில் எதை வாங்கினாலும் பணம் ஒரே முதலாளிக்குத்தான். மீன், இறால், நண்டு பரிமாறுகிற வீட்டில், புளிப்பை ரசிப்பவருக்கு, நான் இதைத்தான் சொல்வேன். சித்தப்பாவுக்குப் புளிப்பு ஆகாது. தவிர, அவர் கேட்டது படிப்பாளிச் சாமியாரை அல்ல.

மூன்றாவதை நான் மிகவும் நேசிக்கிறேன். ஓவிலே ஊரிலேயே, வீட்டுக்கு வீடு இரும்பில் வளைத்துச் செய்த பெயர்ப்பலகை தொங்கும் அந்தத் தெருக்களில், சொந்தத் தோட்டத்துப் பழத்தை வைத்துச் சொந்தமாக ஒயின் செய்யும் குடும்பங்கள் இருக்கின்றன. பாட்டில் 25 முதல் 30 யூரோவுக்குள் கிடைக்கும். லேபிளின் அடியில், பூதக்கண்ணாடி வேண்டும் என்கிற அளவில் இரண்டு எழுத்து இருக்கும். ஆர்.எம். என்றிருந்தால் பயிரிட்டவரே ஒயின் செய்தவர். என்.எம். என்றிருந்தால் பிறரிடம் பழம் வாங்கிச் செய்யும் வியாபார நிறுவனம். எந்தக் கடையிலும் இதைப் பார்த்து வாங்கலாம்.

பெரின்யோன் நடந்த அதே சரிவு, அதே சுண்ணாம்பு மண். அன்று ஒரு வீட்டு முற்றத்தில் எங்களுக்கு ஊற்றிக்கொடுத்த அம்மா, கிளாஸை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்து, துணியால் மறுபடி ஒரு துடைப்புத் துடைத்துவிட்டுத்தான் கொடுத்தார். சுவை ஆப்பிளும் பேரிக்காயும், கொஞ்சம் முரட்டுத்தனம், முகத்தைச் சுளிக்க வைக்காத புளிப்பு. ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. ஒரு குடும்பத்துக்குச் சில துண்டு நிலம்தான் இருக்கும். பல ஊர்ப் பழத்தைக் கலந்து குறையை நிரப்பும் வேலை இங்கே அந்த அளவுக்கு நடக்காது. பெரின்யோனின் மண்ணுக்கு வாரிசு இந்த விவசாயிகள், அவர் கைவேலைக்கு வாரிசு அந்தப் பெரிய நிறுவனம். இரண்டையும் ஒரே பாட்டிலில் எதிர்பார்ப்பது நியாயமில்லை என்று எனக்குப் புரியக் கொஞ்ச நாள் ஆயிற்று.

நாலாவது ஷாம்பெயினே அல்ல. தெற்கே, கார்க்கசோன் பக்கத்தில் லிமூ என்ற ஊர். அதன் அருகே சேன்-இலேர் மடம், இதுவும் ஆசீர்வாதப்பர் சபையினுடையது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் வெண்சலவைக்கல்லில் புனித செர்னேன் வரலாற்றைச் செதுக்கிய பேழை அங்கே இருக்கிறது. பாறையில் குடைந்த நிலவறையும் இருக்கிறது. நுரைக்கும் ஒயின் 1531-லேயே இந்த மடத்தில் இருந்தது என்பது ஊராரின் உரிமைப் பேச்சு. பெரின்யோன் இங்கே வந்து வித்தையைக் கற்றுப் போனார் என்றும் சொல்வார்கள், அதற்கு ஆதாரம் எதுவும் கிடையாது. ஒயினின் பெயர் பிளாங்கெட், "வெள்ளை" என்ற சொல்லில் பிறந்தது. இதற்குரிய மோசாக் திராட்சையின் இலை அடிப்பக்கத்தில் வெண்பஞ்சுபோல் படர்ந்திருக்கும்.

இதில் இரண்டு வகை உண்டு, கடையில் தெரியாமல் மாற்றி எடுத்துவிடாதீர்கள். சாதாரண பிளாங்கெட் ஷாம்பெயின் போலவே பாட்டிலுக்குள் இரண்டாம் முறை நொதித்தது, 12 சதவிகிதம் அளவில் போதை, சர்க்கரை குறைவு. "முன்னோர் முறை" என்று லேபிளில் போட்டிருப்பது முழுக்க மோசாக். நொதிப்பு முடியும் முன்பே அடைத்து, பழத்தின் சர்க்கரையாலேயே நுரைத்தது. ஆறேழு சதவிகிதம்தான், நல்ல இனிப்பு, நறுக்கிய ஆப்பிள் வாசனை, சில நேரம் அடியில் லேசான கலங்கல். பெரின்யோன் காலத்துக்கு முன்பு துறவிகள் குடித்தது எதற்காவது நெருங்கியிருக்குமானால் இதற்குத்தான். விலை 10 யூரோ பக்கம். எட்டு வருடக் காத்திருப்பின் ஆழம் இதில் வராது. ஆனால் வாசலில் நுழைகிற விருந்தாளி கையில் கொடுக்க இதைவிட இதமான ஒன்றை நான் குடித்ததில்லை.

முடிவுக்கு வர எனக்கு இரண்டு இரவு பிடித்தது. என் மனது ஓவிலே விவசாயிகள் பக்கம். சித்தப்பா குறிப்பிட்டுக் கேட்டிராவிட்டால் அங்கேயே போய் ஆறு பாட்டில் எடுத்து வந்திருப்பேன். உங்கள் வீட்டில் யாரும் பெயர் சொல்லிக் கேட்கவில்லை என்றால், பத்து இருபது பேருக்குப் பரிமாற வேண்டும் என்றால், அதைத்தான் செய்யுங்கள். ஆனால் முப்பது வருடம் அடுத்தவர் சாப்பாட்டுக்குக் கணக்குப் பார்த்த மனிதர் தனக்கென்று கேட்ட ஒன்றை, "அதைவிட இது நல்லது சித்தப்பா" என்று மாற்றிக் கொடுக்க எனக்கு வாய் வராது. தவிர, மேலே சொன்ன கலப்பும் காத்திருப்பும் அதிகம் இருப்பது அவர் கேட்ட பாட்டிலில்தான்.

ஆகவே ஒரு டோம் பெரின்யோன், விருந்துக்கு ஐந்து பிளாங்கெட். மூன்று சாதாரணம், இரண்டு முன்னோர் முறை. மொத்தம் 300-க்குள் அடங்கிவிட்டது. பெரின்யோன் விருந்தில் திறக்கப் போவதில்லை. மறுநாள் ஞாயிறு, பூசை முடிந்து வந்து, சித்தப்பா, சித்தி, அண்ணன், நான் என்று நாலு பேர் உட்கார்ந்து குடிப்பதற்கு.

கடையில் 2013-உம் 2015-உம் இருந்தன. 2015 வெயிலும் வறட்சியுமான வருடம், சதைப்பற்றுள்ள ஒயின், இப்போதே குடிக்க எளிது. 2013-இல் வசந்தம் தாமதித்து, பூ தாமதித்து, அறுவடை அக்டோபருக்குள் போயிற்று. அது இன்னும் இறுக்கமாக, நேராக நிற்கும் ஒயின். புளிப்பு ஆகாதவருக்கு வாங்குவதால் 2015-ஐ எடுத்தேன். பத்து வருடம் வைத்திருக்க வாங்குபவர்கள் 2013-ஐ எடுக்கலாம்.

பரிமாறும்போது மூன்று விஷயம் பார்த்துக்கொள்ளப் போகிறேன். ஐஸ் வாளியில் புதைக்காமல் 10 டிகிரி அளவில் வைப்பது. ஒல்லிக் கிளாஸ் வேண்டாம், வெள்ளை ஒயினுக்கான அகலக் கிளாஸ். ஊற்றி ஐந்து நிமிடம் பேசாமல் விட்டுவிடுவது. தொட்டுக்கொள்ள சித்தியிடம் மெதுவடை போடச் சொல்லியிருக்கிறேன். எண்ணெயில் பொரித்த உப்புப் பண்டத்துக்கும் ஷாம்பெயினுக்கும் நல்ல பொருத்தம். சட்னியில் மட்டும் காரம் குறைவாக இருக்க வேண்டும்.

பாட்டில் இப்போது எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே, வெளிச்சம் படாத மூலையில், செய்தித்தாள் சுற்றிப் படுத்திருக்கிறது. அந்தக் கல்லறை வாசகத்தை நண்பர் அன்று பொருள் சொன்னபோது ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வைத்திருந்தேன். அதைத் தமிழில் நல்ல கையெழுத்தில் எழுதி, பாட்டில் கழுத்தில் கட்டிக் கொடுக்கப் போகிறேன்.